மாமாவுக்குக் கரண்ட் குறைந்த கதை

நான் கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். வந்து ஒரு வெங்காயப் போகம் முடிவதற்குள்ளேயே, மாமனாரின் உயிரை உறிஞ்சுகிற மருமகள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. செய்வினை, சூனியம், பேய், முனி என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் விஞ்ஞான முறைப்படிதான் நடந்தது.

அந்த விஞ்ஞானி மாமாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா. மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டாதவர். பக்கத்து வளவில் தனியாக இருந்தாலும் மூன்று நேரச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். ஓய்வு பெற்ற பிறகு யோகம், தியானம், மூச்சுப் பயிற்சி என்று கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசிப்பதும், வாசித்ததை ஊருக்குச் சொல்வதும்தான் அவருடைய வேலை. வாசிப்பதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை.

"மனிசன்ரை உடம்பு தோலோடை முடியிறேல்லை," என்று தொடங்குவார். "அதைச் சுத்தி ஒரு சாண் தூரத்துக்குப் பிராணன் நிக்குது. கரண்ட் கம்பியைச் சுத்தி ஒரு சக்தி நிக்கிற மாதிரி. அது ஒழுங்காய் நிண்டால் வருத்தம் கிட்டவும் வராது. குறைஞ்சால், பிறகு என்ன மருந்து குடிச்சும் பிரயோசனம் இல்லை."

"உதைத்தானே நாங்கள் நாவூறு, கண்ணூறு எண்டு கழிக்கிறம்," என்பார் மாமி, செத்தல் மிளகாயின் காம்பை ஒடித்தபடி. மின்சாரத்தை மிளகாயோடு ஒப்பிடுவது சின்ன மாமாவுக்குப் பிடிக்காது. "உங்களுக்கு விளங்காது மச்சாள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்பார்.

அவரை முழுக்கப் பகிடி பண்ணவும் எனக்கு மனமில்லை. மாமிக்கு முழங்கால் உளைவு வந்தால், சின்ன மாமா காலைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி இரண்டு உள்ளங்கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கனநேரம் இருப்பார். மாமியும் கண்ணை மூடிக்கொள்வார். எழும்பும்போது "சூடாய் இருந்தது, இப்ப பறவாயில்லை" என்று தோட்டத்துக்கு நடந்து போவார். மனிதரைச் சுற்றி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மாமா கோபத்தோடு படலையைத் திறந்தால் அடுப்படியில் இருக்கும் எனக்கு அது முதுகிலேயே தெரியும். அதற்குப் பெயர் பிராணன் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வினை வந்தது அதை அளக்க வெளிக்கிட்டதில். கம்பியில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க மின்சார வேலைக்காரர் சட்டைப் பையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். பார்த்தால் ஆணி முறுக்குகிற திருப்புளி மாதிரி இருக்கும். கண்ணாடிக் கைப்பிடிக்குள் பயறளவில் ஒரு விளக்கு. ரெஸ்ரர் என்பார்கள். அதன் நுனியைச் சுவரில் இருக்கிற பிளக் ஓட்டைக்குள் விட்டு, மேல் நுனியில் விரலை வைத்தால் விளக்கு எரியும். நமக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சக் கரண்ட் உடம்பு வழியாக ஓடுகிறதாம். அப்படியென்றால் நல்ல உடம்பில் நன்றாக ஓடி விளக்குப் பளிச்சென்று எரியும், பிராணன் குறைந்த உடம்பில் மங்கும் என்று சின்ன மாமா கண்டுபிடித்தார்.

ஊர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்து வீடல்லவா, சோதனைக்கும் ஒரு மரியாதை இருந்தது. பெரிய மனிதர் வந்தால் விறாந்தையில் பிளக்குக்குப் பக்கத்தில் பலகை போட்டு, அதில் சம்மணம் கட்டி இருத்தித்தான் பார்ப்பார்கள். பொம்பிளைகளும் பிள்ளைகளும் கூலிக்கு வந்தவர்களும் நின்றபடி தொட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஓய்வு பெற்ற தலைமை வாத்தியார் ஒருவர் பலகையில் இருந்து விரலை வைத்தார். விளக்கு எரிகிறதா இல்லையா என்று குனிந்து தேடவேண்டியிருந்தது. அடுத்ததாக எங்கள் தோட்டத்தில் பாத்தி கட்ட வந்தவர் சேற்றுக் காலோடு நின்று தொட்டார். பளிச்.

"படிச்ச ஆக்களுக்குப் பிராணன் முழுக்க மண்டைக்குள்ளை செலவாகுது," என்று சின்ன மாமா விளக்கம் சொன்னார். வாத்தியார் அன்றிலிருந்து முருங்கையிலைச் சாறு குடிக்கத் தொடங்கினார். பாத்தி கட்டியவர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

மாமாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கவில்லை. அவர் தோட்டக்காரர். விடிய முன்பே தோட்டத்தில் நிற்பார். அவர் ஒரு ஆளைக் கூப்பிட்டால் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் முடக்கில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். காலில் செருப்புப் போட்டு நான் கண்டதில்லை. ஆனால் ஒரு முறை தடிமன் காய்ச்சல் வந்து படுத்தெழும்பிச் சோர்ந்துபோய் இருந்தார். "ஒருக்கால் பாப்பம் அண்ணை" என்று தம்பி வந்து நின்றார். வீட்டுக்குப் பெரியவரை நிற்க வைத்தா பார்ப்பது? பலகை வந்தது. மாமா சம்மணம் கட்டி இருந்து விரலை வைத்தார். விளக்குக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மங்கிப்போனது.

சின்ன மாமாவின் முகம் வெளிறிவிட்டது. அவர் நடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவருக்கு அண்ணைதான் எல்லாம். "அண்ணை, இனி நீங்கள் நிலத்திலை கால் வைக்கப்படாது," என்றார். "கரண்ட் எண்டால் எப்பவும் நிலத்தைத் தேடித்தான் ஓடும். உங்களிலை மிச்சம் இருக்கிறதும் உள்ளங்காலாலை இறங்கிப் போயிடும்."

அன்று மாமா கட்டிலில் ஏறியவர்தான். கட்டிலை விறாந்தையில் பிளக்குக்குப் பக்கத்தில் போட்டார்கள். பின் வளவுக்குப் போகவேண்டுமென்றால் மர மிதியடி. உறைப்பில்லை, மீனில்லை, கஞ்சி மட்டும். ஒவ்வொரு காலையும் கட்டிலில் சம்மணம் கட்டி ரெஸ்ரரைத் தொடுவார். ஒவ்வொரு காலையும் அது மங்கலாகத்தான் எரியும். அதைப் பார்த்துவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் சுருண்டு படுப்பார்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையை மாமா இரண்டு கையாலும் பிடித்து வாங்கியதைக் கண்டேன். கன்னம் ஒட்டி, குரல் மெலிந்து, ஊரைக் கூப்பிட்ட மனிதர் என்னைக் கூப்பிடக் கையைத் தட்டினார். "ஆசுப்பத்திரிக்குப் போவம் மாமா" என்றேன். "டொக்டருக்குப் பிராணன் தெரியாது பிள்ளை" என்றார். சாகிறேன் என்று நம்பிப் படுத்த மனிதன் செத்துத்தான் போவான் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் என் தலையிலும் விழுந்தது. நான் கிணற்றடியில் சட்டி கழுவிவிட்டு ஈரக்காலோடு மாமாவுக்குக் கஞ்சி கொண்டு வந்தேன். காலைச் சோதனை முடிந்த நேரம். "பிள்ளை, நீயும் ஒருக்கால் தொட்டுப் பார்," என்றார் சின்ன மாமா. தொட்டேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு எரிகிற மாதிரி எரிந்தது.

சின்ன மாமா என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஒரு லைனிலை ரெண்டு பல்ப் போட்டால் என்ன நடக்கும் மச்சாள்?" என்று மாமியைக் கேட்டார். "ஒண்டு கூட இழுத்தால் மற்றது மங்கும். பிள்ளையிலை பிழை சொல்லேல்லை. அதின்ரை உடம்பு வாகு அப்பிடி. தெரியாமல் இழுக்குது."

மாமி அதை விஞ்ஞானத்திலிருந்து ஒரே அடியில் வீட்டுப் பாசைக்குக் கொண்டுவந்தார். "இவள் வந்த மாதம் இறைக்கிற மெசின் பழுதாய்ப் போச்சு. பிறகு பசுவுக்கு வயித்திலை கண்டு தங்கேல்லை. இப்ப இந்த மனிசன் படுத்திட்டார். கால் ராசி எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை?"

என் காலைக் குனிந்து பார்த்தேன். கிணற்றடிச் சேறு ஒட்டியிருந்தது. அதைத் தவிர அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

என் கணவருக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் பேனை பிடிக்கிற வேலை. மாதத்தில் ஒரு முறை இரவு ரயிலேறிச் சனிக்கிழமை விடிய வந்து இறங்குவார். கொழும்புக்குப் போன ஒருவரிடம் மாமி எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார். இவர் வந்ததும் பேசி, என்னைக் கொஞ்ச நாளைக்குத் தொண்டைமானாற்றில் அம்மா வீட்டில் விடுவது என்று முடிவு. மாமாவும் கட்டிலில் கிடந்தபடி ஓம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். "அண்ணைக்கு வெளிச்சம் வாற வரைக்கும்," என்றார் சின்ன மாமா. வராவிட்டால்? எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு என்று தாய் வீட்டுக்குப் போய், தலை நரைத்த பிறகும் அங்கேயே இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

கோபம் வந்தால் நான் சம்பல் அரைப்பேன். அன்று அம்மி தேயத் தேய அரைத்தேன். அரைக்க அரைக்கத்தான் ஒன்று உறைத்தது. கலியாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கும் சின்ன மாமா பகிடிக்கு எங்கள் இருவருக்கும் வெளிச்சம் பார்த்தவர். அன்று எனக்கும் மங்கலாகத்தான் எரிந்தது. "பயணக் களைப்பு" என்று விட்டுவிட்டார்கள். அன்று மங்கிய உடம்பு இன்றைக்கு எப்படி இப்படி எரியும்? அதற்குப் பிறகு நான் என்ன சாப்பிட்டேன்? இவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் சாப்பிட்டேன். என்ன மாறியது? அன்றைக்குப் புதுப்பெண் என்று பலகையில் இருத்தினார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு ஒருவரும் பலகை தரவில்லை. மாறியது அது ஒன்றுதான்.

சின்ன மாமா குளிக்கப் போகும்போது சட்டையை விறாந்தை ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். மாமா கண்ணயர்ந்திருந்தார். பையிலிருந்து ரெஸ்ரரை எடுத்து வெறுந்தரையில் நின்று தொட்டேன். பளிச். பலகையை இழுத்துப் போட்டு ஏறி நின்று தொட்டேன். மங்கல். இறங்கினேன். பளிச். எனக்குச் சிரிப்பு வந்து வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். பாவி மனிதர்கள், மரியாதை குடுத்துக் குடுத்தே ஊரில் இருந்த பெரியவர்களையெல்லாம் அரை உயிராக்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கினால்தான் விளக்கு எரியும். மாமாவை நிலத்தில் கால் வைக்கவே விடாமல், வெளிச்சம் வரவில்லையே என்று அழுகிறார்கள்.

ஓடிப்போய் மாமியிடம் சொன்னேன். மாமி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அவன் கரண்டோடை வேலை செய்த மனிசன். நீ அம்மியோடை வேலை செய்யிற ஆள். வாயைக் குறை பிள்ளை," என்றார். அதற்கு மேல் சொன்னால், போகப் பயந்து கதை கட்டுகிறாள் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை இவர் வந்தார். முகம் கழுவினார், சாப்பிட்டார், தகப்பனின் கட்டில் ஓரத்தில் இருந்தார். சின்ன மாமா இரண்டு பல்ப் கதையை ஆதியிலிருந்து சொன்னார். இவர் கந்தோரில் தலையாட்டிப் பழகியவர், எல்லாவற்றுக்கும் ஆட்டினார். கடைசியில் என் பக்கம் பார்க்காமல், "அப்பாவின்ரை உயிர்தானே முக்கியம். கொஞ்ச நாள்தானே," என்றார்.

நான் உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்து பிளக்குக்குப் பக்கத்தில் போட்டேன்.

"சின்ன மாமா, நான் போறன். போக முதல் ஒரு ஆசை. ஊர் முழுக்க வெளிச்சம் பாக்கிறியள், உங்களை ஒருதரும் மரியாதையாய் இருத்திப் பாக்கேல்லை. இதிலை இருங்கோ," என்றேன்.

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் கட்டி இருந்தார். ரெஸ்ரரை எடுத்துப் பிளக்கில் விட்டு விரலை வைத்தார். மங்கல். ரெஸ்ரரை உதறிவிட்டு மறுபடி வைத்தார். மங்கல். விரலைச் சால்வையில் துடைத்துவிட்டு வைத்தார். மங்கல்.

"அண்ணை," என்றார். சின்னப் பிள்ளையின் குரல். "அண்ணை, எனக்கும் பிராணன் போயிட்டுது."

நான் நினைத்தது, அவர் பயந்ததும் பலகையை இழுத்துவிட்டு நிற்க வைத்துக் காட்டலாம் என்றுதான். அதற்கு இடம் கிடைக்கவில்லை. "என்னடா தம்பி?" என்று ஒரு சத்தம். ஒழுங்கை முடக்குக்குக் கேட்கிற பழைய சத்தம். மாமா கட்டிலிலிருந்து குதித்து, மிதியடியைத் தேடாமல், வெறுங்காலோடு தம்பியிடம் ஓடி வந்தார். "விடு, சாமான் பழுதாய்ப் போச்சாக்கும், உனக்கு ஒண்டுமில்லை" என்று தம்பியின் கையிலிருந்து ரெஸ்ரரைப் பறித்துத் தானே விரலை வைத்தார்.

பளிச்.

மாமாவுக்கு விளங்கவில்லை. விளக்கைப் பார்த்தபடி நின்றார். முதலில் விளங்கியது மாமிக்குத்தான். என்னைப் பார்த்தார், மாமாவின் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "எழும்படா பலகையாலை," என்று ஒரு அதட்டல் போட்டார். சின்ன மாமா எழும்பித் தரையில் நின்று தொட்டார். எரிந்தது. மாமி தானும் தொட்டார். எரிந்தது. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு விறாந்தைத் தூணோடு சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். "கரண்டோடை வேலை செய்த மனிசனாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சின்ன மாமா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா மாமியிடம், உறைப்பாக ஒரு குழம்பு வை என்றார்.

சின்ன மாமா பிற்காலத்திலும் வெளிச்சம் பார்ப்பதை விடவில்லை. எல்லாரையும் தரையில் நிற்க வைத்தே பார்த்தார். எல்லாருக்கும் நன்றாக எரிந்தது. எல்லாருக்கும் சுகம் என்றால் ஆர் வருவார்கள்? ஆட்கள் மெல்ல நின்றுவிட்டார்கள்.

அன்றைக்குச் சிரிப்பு அடங்க முன்பே படலையில் காரின் சத்தம் கேட்டது. ஸ்ரேசனடியில் வாடகைக்கு ஓடுகிற கார். ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார். "தொண்டைமானாற்றுக்கு ஒரு பயணம் எண்டு கொழும்பாலை வந்த தம்பி விடிய ஸ்ரேசனடியிலை சொல்லிப்போட்டு வந்தவர். பிள்ளை வெளிக்கிட்டாச்சோ?"

விடிய. ஸ்ரேசனடியில். இவர் படலைக்குள் கால் வைக்க முன்பே. தகப்பனின் முகத்தைப் பார்க்க முன்பே, சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேட்க முன்பே, என்னிடம் "என்னப்பா நடந்தது?" என்று ஒரு சொல் கேட்க முன்பே. சின்ன மாமாவாவது என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் குற்றம் சொன்னவர்.

நான் உள்ளே போய்க் கட்டி வைத்த பையைத் தூக்கினேன். இவர் வழியில் வந்து நின்றார். "இனி ஏன்? எல்லாம் சரி வந்திட்டுதுதானே," என்றார்.

"கார் வந்திட்டுதெல்லோ," என்றேன். போய் ஏறினேன்.

கதவைச் சாத்தினேன். கார் புறப்படவில்லை. மாமா சால்வையைத் தோளில் போட்டபடி, வேலியைப் பிடித்துப் பிடித்து வந்து முன் ஆசனத்தில் ஏறினார். மாமி கூப்பிட்டதற்கும் இவர் கூப்பிட்டதற்கும் அவர் திரும்பவில்லை. "எடு தம்பி," என்றார் ஓட்டுநரிடம்.

பாதித் தூரம் போயிருப்போம். மாமா முன்னுக்குப் பார்த்தபடியே, "சாகப் பயமாய் இருந்தது பிள்ளை," என்றார். "பயந்த மனிசனுக்குப் பழி போட ஒரு தலை வேணும். உன்ரை தலை கிட்ட இருந்தது."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதைக் கண்டு அப்பா பதறிப்போனார். அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு வாசலில் அப்படியே நின்றார். மாமா முற்றத்தை விட்டு ஏறவில்லை. "நான் இருக்க வரேல்லை," என்றார். "என்ரை உயிருக்குப் பயந்து, உங்கடை பிள்ளையை ராசியில்லாதவள் எண்டு திருப்பி அனுப்ப ஓம் எண்டனான். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலை. அதை உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்ல வந்தனான். என்னோடை திருப்பி அனுப்புறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் நின்று இப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அத்தனை நாளும் அழாதவள் அங்கே நின்று அழுதேன்.

அப்பா முற்றத்துக்கு இறங்கி வந்தார். பிறகு, "வெயிலுக்கை நிக்கிறியள், உள்ளுக்கை வாங்கோ. நல்ல மீன் வந்திருக்கு, சாப்பிடுவம்," என்றார். மாமா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, போகிறாயா இருக்கிறாயா என்று கேட்டார்.

அன்று பின்னேரமே மாமாவோடு அதே காரில் அந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் கணவரிடம் திரும்பத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது.